பிரசல்ஸில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

தொலைபேசியில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். ஐரோப்பிய ஒன்றிய வேலையில் இருக்கும் நீ, ஐரோப்பாவில் எல்லைகளைத் திறந்ததால் சாப்பாடு மலிந்தது, அதில் யாருக்கு நட்டம் என்று கேட்டாய். மலிந்தது உண்மைதான். பால் தொழிற்சாலையில் எனக்குச் சம்பளம் வந்ததும் அந்தச் சந்தையால்தான். நாங்கள் செய்த சீஸ் இத்தாலி வரைக்கும் போனது.

ஆனால் பால் விலை எப்படி வருகிறது என்று பார். இங்கே ஜேர்மனியில் கமக்காரர் பெரும்பாலும் தங்கள் பால் முழுவதையும் ஒரே ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும், ஒப்பந்தம் அப்படி. விலை தெரிவது பால் போன பிறகு. ஆலை சுப்பர்மார்க்கெட்காரரோடு பேரம் பேசி, தன் செலவைக் கழித்து, மிஞ்சியதைக் கொடுக்கும். மீன் விற்கிறவர்கூட இப்படி விற்கமாட்டார்! இவ்வளவு பால்தான் விற்கலாம் என்று 1984 முதல் ஒன்றியத்தில் இருந்த உச்ச அளவை, அதுதான் கோட்டாவை, 2015 மார்ச் 31உடன் எடுத்தார்கள். பால் பெருகியது, ரஷ்யா ஐரோப்பியப் பாற்பொருட்களைத் தடை செய்திருந்த நேரம் வேறு. அடுத்த ஆண்டு ஜேர்மனியில் பால் விலை கிலோ 20 யூரோ சதத்துக்குக் கிட்டப் போனது. பால் எடுக்கும் செலவுக்கே அது காணாது.

கோட்டா இருந்தபோதும் விலை விழுந்ததே என்பாய். சரி, விழுந்தது. 2009இல் பெல்ஜியத்தின் சினே ஊரில் 30 லட்சம் லீற்றர் பாலை வயலில் ஊற்றினார்கள். அப்போதே கோட்டாவை வருடா வருடம் கூட்டத் தொடங்கிவிட்டார்களே, அதையும் சேர்த்துச் சொல்.

நீ சின்ன வயதில் கன்றுக்குட்டிக்குப் பால் கொடுக்க ஓடுவாயே, அந்தப் பின்வீட்டுக் கிழவர் மாடுகளை விற்றது அந்த விலை வீழ்ச்சியில்தான். நிலத்தை ஒரு பெரிய பண்ணை எடுத்தது, ஒன்றியம் கமக்காரருக்குக் கொடுக்கும் மானியமும் நிலத்தோடு போனது. பணத்தை ஹெக்டேர் கணக்கில் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்? நேரடி மானியத்தில் ஏறத்தாழ 80 வீதம், பெறுபவர்களில் 20 வீதம் பேருக்குப் போகிறது. 2023 முதல் இங்கே முதல் 60 ஹெக்டேருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அந்தப் பணத்தில் ஒருவரும் மாட்டைத் திரும்ப வாங்கவில்லை.

அப்புறம் ஊர். உழவு இயந்திரம் திருத்துகிறவர் கடையை மூடிவிட்டார். மாட்டு வைத்தியர் தூரத்திலிருந்து வருகிறார். பகலில் தீப்பிடித்தால் ஓடிவர ஆள் குறைவு, ஏனென்றால் தொண்டர் தீயணைப்புப் படையில் பகலில் ஊரில் நின்றவர்கள் கமக்காரர்தான். உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு வரிசை இருக்கிறதா?

அந்தக் காலத்தில் ஐரோப்பிய விவசாயத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒல்லாந்தர் மான்ஷோல்ட் தானும் கமம் செய்தவர். 50 லட்சம் பேர் நிலத்தை விட்டுப் போகவேண்டும் என்று 1968இல் ஒளிக்காமல் சொன்னார். அதை எதிர்த்து 1971இல் கமக்காரர் பிரசல்ஸ் வீதிகளில் திரண்டார்கள், ஒருவர் இறந்தும் போனார். இப்போது அப்படி வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. ஆனால் 2005க்கும் 2020க்கும் இடையில் ஒன்றியத்தில் சுமார் 53 லட்சம் பண்ணைகள் இல்லாமல் போயின, பெரும்பாலும் 5 ஹெக்டேருக்கும் குறைந்தவை. மான்ஷோல்டோடாவது நேரே நின்று வாதாடலாம்.

உன் வேலையை விடச் சொல்லவில்லை. உள்ளே இருந்து கேட்கிறவர்களும் வேண்டும். ஈஸ்டருக்கு வரும்போது நீ எழுதும் அந்த அறிக்கையைக் கொண்டு வா, ஜேர்மன் மொழியில் இருந்தால் நல்லது. கிழவரும் வாசிக்கக் கேட்கிறார். அம்மா உனக்குக் குளிர் உடுப்பு காணுமா என்று கேட்கச் சொன்னா.

அன்புடன்,
அப்பா