சிறுநீரக மருத்துவர்களுக்கு: எங்கள் கால்கள் சும்மாதான் கிடக்கின்றன

டாக்டர்களே, வணக்கம்.

எனக்கு மூன்று வருடமாக வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். முடித்து வீட்டுக்கு வந்து படுத்தால் மறுநாள் காலை வரை எழ முடியாத அசதி. சொன்ன போதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: "ரெஸ்ட் எடுங்க." சரி என்று எடுத்தேன். எடுத்து எடுத்து, இப்போது டவுன் பஸ் படியில் கம்பியைப் பிடித்து இழுத்தால்தான் உடம்பு மேலே ஏறுகிறது, அதுவும் ஒற்றைக் கையால், ஏனென்றால் இன்னொன்று ஃபிஸ்டுலா கை, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த கை.

ரத்தம் குறைந்தால் ஊசி போடுகிறீர்கள். தொடைச் சதை கரைந்துபோனதற்கு என்ன செய்தீர்கள்? வாரத்துக்கு 150 நிமிடமாவது, அல்லது இதயமும் உடம்பும் தாங்குகிற அளவுக்கு, மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கேடிகோவின் (KDIGO) 2024 வழிகாட்டுதலே சொல்கிறது. இத்தாலியில் 296 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஆறு மாதம் பார்த்தார்கள், 2017இல் வெளிவந்த ஆய்வு. ஒரு பிரிவுக்கு டயாலிசிஸ் இல்லாத நாளில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு வேளை மெதுநடை, வீட்டிலேயே, அவ்வளவுதான். ஆறு நிமிடத்தில் அவர்கள் நடக்கிற தூரம் 328 மீட்டரிலிருந்து 367 ஆனது. மற்ற பிரிவு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. 39 மீட்டர் உங்களுக்குச் சிறுசு. எனக்கு அது தெருமுனை டீக்கடை.

இதனால் அசதி அடியோடு போய்விடும் என்று நான் சொல்லவில்லை, ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஊசி குத்திய கையை நீட்டிக்கொண்டு நாலு மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக் கிடக்கிறோமே, கால் இரண்டும் அப்போது சும்மாதானே கிடக்கின்றன? கட்டிலில் மாட்டுகிற சைக்கிள் பெடல் பல நாடுகளில் இருக்கிறது. பிரஷர் இறங்குவதற்கு முன்பே, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மிதிக்க விடுகிறார்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021இலிருந்து இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே போகிறார். அவர் டயாலிசிஸ் வார்டுக்கும் வந்தால் என்ன?

பெடல் வாங்கப் பணமில்லை என்றால் விடுங்கள். என் ஃபைலில் ஒரு நாளைக்கு எத்தனை மில்லி தண்ணீர் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, எத்தனை நிமிடம் நடக்கணும், மூச்சு வாங்கினால் எங்கே நிறுத்தணும் என்று ஒரு வரி எழுதுங்கள். இதயத்தைப் பரிசோதித்துவிட்டு, நடக்கவே கூடாது என்றால் அதையும் எழுதுங்கள்.