‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றிச் சுற்றியே ரேகை தேய்ந்துபோன பெண்கள் நிறையப் பேர். ஆதார் ரேகை வைக்கும் கருவியில் அவர்கள் விரல் வைத்து, திரையில் ‘தோல்வி, மீண்டும் முயற்சிக்கவும்’ என்று வந்துவிட்டால், கணினிச் சேவைக் கடையில் உடனே கேட்கும் குரல், “ஆச்சி, விரல நல்லா அமுக்குங்க” என்பதுதான். பல சமயம் குற்றம் விரலில் இருப்பதில்லை. முந்தின இரவு கணினி தானாகப் போட்டுக்கொண்ட அப்டேட்டில் இருக்கிறது.

எங்கே தடைபட்டது என்பது மென்பொருளுக்குத் தெரியாமல் இல்லை. ரேகைக் கருவியைக் கணினியில் இயக்கும் ஆர்.டி. சர்வீஸ் என்ற மென்பொருள் 720 என்ற எண்ணைக் கொடுத்தால் கருவி தயாராக இல்லை என்று பொருள். 700 என்றால் குறித்த நேரத்துக்குள் விரல் பதியவில்லை. 730 என்றால் பதிவு எடுக்கும்போதே பிசகிவிட்டது. ரேகை ஆதார் சர்வர் வரை போய், அங்கே பொருந்தாவிட்டால்தான் 300. உரியவரே ரேகையைப் பூட்டி வைத்திருந்தால் 330. அவருடைய பயோமெட்ரிக் பதிவே சர்வரில் இல்லை என்றால் 811. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் பல செயலிகள் எல்லாவற்றையும் ஒரே ‘தோல்வி’யில் அடக்கிவிடுகின்றன. பல்வலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை!

720 வந்தால் விரலை விட்டுவிடுங்கள். யூ.எஸ்.பி. வயரைக் கழற்றி, பல வயர்களைச் செருகும் ஹப் இல்லாமல் சி.பி.யூ.வின் பின்பக்கத்தில் நேராகச் செருகுங்கள். விண்டோஸின் ‘சர்வீசஸ்’ பட்டியலில் ஆர்.டி. சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுங்கள். அது ஓடியும் பிரவுசரில் கருவி தெரியவில்லையா? இணையப் பக்கம் அந்த சர்வீஸோடு அதே கணினிக்குள் 11100 முதல் 11120 வரை எண்ணிட்ட போர்ட்டுகளில் (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல்கள்) ஒன்றின் வழியாகத்தான் பேசுகிறது. ஆன்டிவைரஸ் அப்டேட் அந்த வழியை அடைத்திருக்கலாம். புதிய குரோம், உள்ளூர் நெட்வொர்க்கை அணுக அனுமதி கேட்கிறது. கூட்ட நெரிசலில் ‘பிளாக்’ அழுத்திவிட்டால் தீர்ந்தது; முகவரிப் பட்டையின் இடது ஓரத்துக் குறியைத் தட்டி அனுமதியைத் திரும்பக் கொடுக்கும்வரை கருவி செத்ததுபோல்தான் கிடக்கும்.

300 வந்தால் விரலைக் கவனியுங்கள். கையைத் துடைத்துவிட்டு வேறு விரல் வைக்கலாம். அதுவும் ஆகாவிட்டால் கருவிழி, முகம், ஓ.டி.பி. ஆகியவற்றில் அந்தச் சேவையில் எது இருக்கிறதோ அதற்குப் போகலாம்.

எண் இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10-க்கு வந்த கேபி 5034441 அப்டேட்டைச் சொல்லலாம். எத்தனையோ கணினிகளில் அது 80070643 என்று முடியும் எண்ணைக் காட்டி நின்றது. பொதுவாக ‘நிறுவ முடியவில்லை’ என்று சொல்லும் எண் அது. உண்மைக் காரணம், கண்ணுக்குத் தெரியாத ரெக்கவரி பார்ட்டிஷனில், அதாவது விண்டோஸ் பழுதானால் மீட்க டிஸ்க்கில் ஒதுக்கிய தனிப் பகுதியில், இடம் போதவில்லை. அங்கே 250 எம்.பி. காலியாக வேண்டும். சி டிரைவில் நூறு ஜி.பி. காலி இருந்தும் பயனில்லை. இடமில்லை என்று சொல்லவேண்டிய எண்ணுக்குப் பதில் வேறு எண் காட்டப்படுகிறது என்று மைக்ரோசாப்டே பின்னால் ஒப்புக்கொண்டது. இதற்காக விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டாலும், அந்தப் பார்ட்டிஷன் பழைய அளவிலேயே இருந்தால் அதே எரர்தான் வரும். அதை விரிவாக்குவதுதான் வழி. டேட்டாவை பேக்கப் எடுத்த பிறகு, விவரம் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை.

ஒரு கணினியில் மாட்டிய பிரின்டரை மற்றக் கணினிகளும் பயன்படுத்தும் இடங்களில், 11பி என்று முடியும் எரர் 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு பரவலாக வந்தது. டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் போகாது. பிரின்டர் இணைப்பில் பாதுகாப்பை இறுக்கியதுதான் காரணம். இரண்டு கணினியிலும் அப்டேட் சமமாக இருக்கவேண்டும். யூடியூப் பார்த்து, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால் பிரின்ட் வரும், உண்மைதான். ஆனால் போட்ட பூட்டைக் கழற்றித்தான் அது வருகிறது.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்றால், இன்டர்நெட்காரரைக் கூப்பிடுமுன் கணினியில் தேதியைப் பாருங்கள். பழைய ஆண்டுக்குப் போயிருந்தால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி, அந்த 3 வோல்ட் வட்டச் செல், தீர்ந்துவிட்டது.

அப்டேட் போடும் நாளைத் தேர்ந்தெடுக்க உங்கள் நாளிதழின் ‘நாளை மின்தடை’ அறிவிப்பே உதவும். பாதியில் மின்சாரம் போனால் கணினி மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிச் சுற்றிக்கொண்டே இருக்கும்; சில சமயம் எழவே எழாது. பழைய ஹார்டு டிஸ்க்கில் பெரிய அப்டேட் ஒரு மணி நேரம்கூட இழுக்கும். கடைகளில் உள்ள 600 விஏ யூ.பி.எஸ். அவ்வளவு தாங்காது. பிளஸ் டூ முடிவு வந்து வருமானம், சாதி, இருப்பிடச் சான்றுகளுக்குக் கூட்டம் கூடும் மே, ஜூனில் ‘பாஸ் அப்டேட்ஸ்’ (Pause updates) கொடுத்து ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கலாம். அடியோடு நிறுத்திவைப்பது வேறு, அது வினை. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பதைக் கடைக்காரர்கள் கவனிக்கவேண்டும்.

அரசுச் சேவைக்கான செயலிகளையும் இணையதளங்களையும் உருவாக்குவோரிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எது தடைபட்டது, பணம் பிடிக்கப்பட்டதா, விண்ணப்பம் பதிவானதா, அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். கீழே எரர் எண்ணையும் போடுங்கள். பணம் போனதா என்று தெரியாமல் இரண்டாவது முறை கட்டிவிட்டு, அதைத் திரும்பப் பெற அலைவது வாடிக்கையாளர்தான். புதிய பதிப்பைத் திங்கட்கிழமை காலையில் வெளியிடவும் வேண்டாம்.

வாசகர்களுக்கு ஒன்று. எரர் வந்ததும் பதறிப்போய்த் திரையை மூடிவிடாதீர்கள். எண், நேரம், எந்தப் பக்கம் என்பதெல்லாம் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘எரர்னு வருது’ என்று மட்டும் சொன்னால் பழுதுபார்ப்பவரால் குத்துமதிப்பாகத்தான் எதையும் செய்யமுடியும். படத்தில் ஆதார் எண் தெரிந்தால் அதை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ளோர்,
பாளையங்கோட்டை.