அம்மம்மாவின் கசெட்டும் உன் புது பிளேயரும்

அன்புள்ள மகன்,

புது பிளேயருக்கு எந்த வடிவத்தில் பாட்டுகளை ஏற்றுவது என்று கேட்டாய். போனில் அவசரமாகச் சொன்னது போதாது. ஆறுதலாக எழுதுகிறேன்.

அம்மம்மா தேவாரம் பாடிய அந்த 90 நிமிட கசெட் நினைவிருக்கிறதா? முன்பு அதை நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கி வைத்திருந்தேன். கிலோபிட் எண் குறையக் கோப்பு சிறிதாகும், ஒலியும் குறையும். அப்போது கணினியில் இடமில்லை. பிறகு உன் பழைய போனுக்கென்று அதையே இன்னும் சிறிதாக்கினேன். அதுதான் பிழை. காதுக்கு எட்டாது என்று தோன்றும் ஒலிகளை எம்பி3 ஒவ்வொரு முறையும் கழித்துவிடும். கழித்ததையே மறுபடி கழித்ததில் கைத்தாளம் தண்ணீருக்குள் தட்டுவது போலாகிவிட்டது. அதை, ஒன்றையும் கழிக்காமல் சுருக்கும் ஃபிளாக் என்ற வடிவத்துக்கு மாற்றினாலும் போனது வராது, கோப்புத்தான் பெருக்கும்.

நல்லவேளை, கசெட்டை எறியவில்லை. வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்திருந்தது. போன கிழமை மெதுவாகத் துடைத்து, சீடி தரத்தில் மறுபடி பதிந்தேன். சுருக்காத வேவ் கோப்பு 950 மெகாபைட் வந்தது. ஃபிளாக் ஆக்கியதும் ஏறத்தாழப் பாதி. ஒலியில் ஒன்றும் குறையவில்லை. விரித்தால் அதே வேவ் அப்படியே கிடைக்கும்.

உன் சீடிகளையும் ஃபிளாக்கிலேயே எடு. கணினியில் ஒரு பிரதி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும். டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பாடியவர், ராகம் எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே எழுதிவிடு, பிறகு தேடி அலையத் தேவையில்லை.

பிளேயருக்கு எப்போதும் அந்த ஃபிளாக்கிலிருந்தே நகல் எடு. ரயில் இரைச்சலில் கேட்பதற்கு எம்பி3 போலவே கழித்துச் சுருக்கும் ஏஏசி வடிவம், 256 கிலோபிட்டில், தாராளம். நான்கு நிமிடப் பாட்டு 8 மெகாபைட்டுக்குள் அடங்கும். ஓபஸ் என்ற இன்னொரு வடிவம் அதில் பாதி இடத்திலேயே நன்றாக ஒலிக்கும், ஆனால் பழைய கருவிகள் பல அதை வாசிக்காது. காருக்கு 320 கிலோபிட் எம்பி3 வை, அது எங்கும் பாடும்.

அம்மம்மாவின் ஃபிளாக் கோப்பை இதோடு அனுப்புகிறேன். இரண்டாம் பக்கத்தில் நடுவே அவ இருமுவா, வெளியே மழைச் சத்தமும் கேட்கும். நான் ஒன்றையும் வெட்டவில்லை.

அன்புடன்,
அம்மா