கைப்பிடி அரிசியோடு நின்றதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் திருநெல்வேலிக் கிறிஸ்தவச் சபைகளின் வரலாறு பற்றி நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதில் இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி, "பெண்களின் பங்கு கைப்பிடி அரிசியோடு நின்றது" என்பது. அதற்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை. மூடி வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன். அதிலும் ஒரு பெண்ணைக் காணோம்.

கைப்பிடி அரிசி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் என் ஆச்சியின் அடுப்படியில் கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திசையன்விளைப் பக்கம் செம்மணல் தேரி ஓரத்தில் எங்கள் வீடு. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்பானை, சிரட்டையால் மூடியிருக்கும். உலையில் போட அரிசி களைவதற்கு முன் ஆச்சி ஒரு பிடி அள்ளுவாள், கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொல்லுவாள், அந்தப் பானையில் போடுவாள். காலையில் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ஊர்ச் சபையைக் கவனித்த உபதேசியார் வீட்டு அடுப்பு எரிந்ததும், கோயிலுக்கு ஓடு மாற்றியதும் அந்த அரிசியில்தான்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். பனை ஏறப் போன தாத்தா காலை ஒடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்த வருடம். ஒருநாள் இராத்திரி வீட்டில் அரிசி இல்லை. "அந்தப் பானையில எடுத்துக்கிடுவோமே அத்தே, பிறகு போட்டுருவோம்" என்றாள் அம்மா. ஆச்சி பதில் சொல்லவில்லை. சுளகை எடுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போனாள். கடனாக அரிசி வாங்கி வந்தாள். அந்தக் கடன் அரிசியிலும் முதல் பிடி பானைக்குப் போனது. அன்றைக்குக் கஞ்சி தண்ணியாகத்தான் இருந்தது. நான் குடித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இப்போது என் கைப்பிடி அரிசியை நிறுத்துப் பார்த்தேன். 40 கிராம் இருக்கிறது. ஆச்சியின் கை என் கையைவிடப் பெரியது. நாளைக்கு இரண்டு பிடி என்றால் வருடத்துக்கு 29 கிலோ. அறுபது வருடம் அந்தப் பானை நிறைந்திருக்கிறது. 1,750 கிலோ ஆகிறது, ஐயா. ஒரு வீட்டு அடுப்படியிலிருந்து மட்டும்.

அதோடு நின்றாளா? பதநீர்க் காலத்தில் விடியும் முன்னே, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குப் போவாள். கருப்பட்டிப் பாகான கூப்பனியின் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றி முடிக்க மத்தியானம் தாண்டிவிடும். கொதிக்கும் பாகு தெறித்த தழும்புகள் முழங்கைவரை இருந்தன. சாயங்காலம் ஓலைப்பெட்டி முடைவாள். பெட்டி விற்ற காசில் சங்கக் காணிக்கை கட்டுவாள். உபதேசியாரின் இராப்பள்ளியில் எழுத்துப் படித்தவள், தன் வயதுப் பெண்களை முற்றத்தில் உட்காரவைத்துத் தேரி மணலில் விரலால் எழுதிக் காட்டினாள். அவர்களில் நாலைந்து பேர் பிறகு கோயிலில் எழுந்து நின்று சங்கீதம் வாசித்தார்கள். பிள்ளைப்பேறு என்றால் எந்தத் தெரு என்று கேட்கமாட்டாள். அம்மன் கொடைக்குக் காப்புக் கட்டிய வீட்டிலும் நடுச்சாமத்தில் வெந்நீர் வைத்திருக்கிறாள். சாவு வீட்டில் பெண்களைக் குளிப்பாட்ட முதலில் போகிறவளும் அவள்தான்.

மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1841-ல் இடையன்குடிக்கு வந்ததையும், அங்கே ஆலயம் கட்டி முடிக்க 1847 முதல் 1880 வரை ஆனதையும் கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். நல்லது. அதே ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த அவர் மனைவி எலைசா அம்மையாருக்கு ஒரு வரி இல்லை. பாளையங்கோட்டையில் 1785-ல் ஆலயம் எழுப்பிய கிளாரிந்தா அம்மையாரை நீங்கள் அறியாதவரல்ல. 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற அந்தப் பிராமண விதவையின் கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஜனங்கள் சொன்னார்கள். தொடக்கமே ஒரு பெண் கட்டிய கோயிலாக இருக்க, பெண்களின் பங்கு எங்கே நின்றது என்று எழுத எப்படிக் கை வந்தது?

இது புதிதும் அல்ல. எங்கள் ஊர்க் கோயில் விருந்தான அசனத்துக்கு இராத்திரி முழுக்கக் காய் நறுக்கி, தேங்காய் துருவி, வாழையிலை துடைப்பது பெண்கள். நன்றியுரையில் பந்தல்காரர் பெயர் வரும், ஜெனரேட்டர் கொடுத்தவர் பெயர் வரும். சபையின் ஆண்டு மலரில் கமிட்டி ஐயாமார் ஆளுக்கொரு படமாக இருந்தார்கள். பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரே ஒரு குழுப்படம், அதிலும் பின்வரிசைத் தலைகள் வெட்டுப்பட்டிருந்தன. ஆச்சி நின்றது பின்வரிசையில்.

இரண்டு வருடத்துக்கு முன் தன் 88-வது வயதில் ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, உங்கள் இதழுக்குத்தான் எழுதி அனுப்பினேன். இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். "ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் தாயார் காலமானார்" என்று ஒற்றை வரி வந்தது. என் அப்பாவே அதை வாசித்துவிட்டு, "அம்மாவைப் பத்தி ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். இடப்பற்றாக்குறையாக இருக்கும் என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். இந்த வரியைப் படித்தபிறகு அந்தச் சமாதானமும் போய்விட்டது.

வருத்தம் தெரிவிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த இரண்டு பக்கத்தோடு ஆச்சியின் படம் ஒன்றும் அனுப்பியிருந்தேன். அசனத்தன்று கோயில் வாசலில், வெள்ளைச் சேலையில், கையில் அகப்பையோடு நிற்கும் படம். எங்களிடம் வேறு பிரதி இல்லை. தபால்தலை ஒட்டி முகவரி எழுதிய உறை இத்துடன் இருக்கிறது. தயவுசெய்து தேடி எடுத்து அனுப்பிவையுங்கள். வெயிலில் வெளிறியிருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
திசையன்விளை வட்டாரம்.