பாதுகாப்பு விளையாட்டு நாய்களின் இரண்டு நாள் பயிற்சிக்கும் போட்டிக்கும் மதுரையில் மைதான அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
நாய் வளர்ப்போர், பயிற்சியாளர்கள் சார்பாக,
ஒத்தக்கடை, மதுரை கிழக்கு வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: வரும் பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் ஆயுதப்படை மைதானத்தையோ, சுற்றுச்சுவர் அல்லது வேலி உள்ள வேறொரு அரசு மைதானத்தையோ நாய்ப் பயிற்சிக்கும் போட்டிக்கும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பகுதிகளில் ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜியன் மாலினாய்ஸ், டாபர்மேன், ராட்வீலர் நாய்களை வளர்த்து, அவற்றுக்கு ஐ.ஜி.பி. என்ற விளையாட்டில் பயிற்சி கொடுத்து வருகிறோம். நூறாண்டுக்கும் முன்பு ஜெர்மனியில், ஷெப்பர்டு நாய்களின் குணத்தையும் உழைக்கும் திறனையும் சோதித்துப் பார்க்க உருவானது இது. முன்பு ஷுட்ஸ்ஹுண்ட் என்றும் ஐ.பி.ஓ. என்றும் அழைத்தார்கள், 2019 முதல் ஐ.ஜி.பி. என்ற பெயரில் நடக்கிறது. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். ஒவ்வொரு பிரிவிலும் 70 எடுத்தால்தான் தேர்ச்சி. ஒன்றில் கோட்டைவிட்டதை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது.

மூன்றாவது பிரிவைப் பற்றித்தான் மக்களுக்குச் சந்தேகம் வருகிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். தாக்க வருபவராக நடிக்கும் ஹெல்பர் ஒருவர், பாதுகாப்பு உடை அணிந்து, கையில் சணல் உறை போட்ட கனத்த ஸ்லீவுடன் (நாய் கவ்வுவதற்கான கைக்கவசம்) ஒரு மறைப்புக்குள் நிற்பார். நாய் அவரைத் தேடிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். அவர் அசையாமல் நிற்கும்வரை அது அவரைத் தொடவே கூடாது. எதிரே நின்று விடாமல் குரைத்து அவரை நிறுத்தி வைக்க வேண்டும். அவர் ஓடினாலோ தாக்க வந்தாலோ ஸ்லீவைக் கவ்வலாம். அவர் நின்றுவிட்டால் விட்டுவிட வேண்டும். ஸ்லீவில் தாடை பூட்டி, மூக்கு வழியே மூச்சு இரைய, உடம்பு முழுக்க முறுக்கேறி இருக்கிற நாய், உரிமையாளர் பத்தடி தள்ளி நின்று "விடு" என்று ஒரே ஒரு முறை சொன்னதும் வாயைத் திறந்து பின்வாங்கி உட்காருவதைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. மூன்று முறை சொல்லியும் விடாத நாய் எத்தனை மதிப்பெண் வைத்திருந்தாலும் போட்டியிலிருந்து வெளியேற்றப்படும். கடிக்கத் தெரிந்த நாய் ஊரில் எத்தனையோ உண்டு. நாங்கள் பாடுபடுவது விடத் தெரிந்த நாய்க்காக.

இந்தப் பயிற்சிக்கு மதுரையில் முறையான இடம் கிடையாது. கண்மாய் வற்றிய காலத்தில் உள்வாயிலும், மற்ற நாட்களில் விற்காத பிளாட்டுகளிலும் நடத்துகிறோம். வேலி இல்லாத இடம். ஆடு மேய்ப்பவர் வருவார், பிள்ளைகள் பந்தைத் தேடி ஓடி வருவார்கள், தெருநாய்கள் கூட்டமாய்ச் சூழும். ஒருமுறை நாய்ச் சண்டை நடத்துவதாக யாரோ புகார் சொல்லி, காவலர்கள் வந்து எல்லோரையும் கலைந்து போகச் சொன்னார்கள். புகார் கொடுத்தவரையும் காவலர்களையும் நாங்கள் குறை சொல்லவில்லை. சாலையோரத்தில் ஒருவர் மேல் நாய் பாய்வதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நாயை நாயோடு மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை நன்கு அறிவோம். எங்கள் களத்தில் இரண்டு நாய்கள் ஒன்றையொன்று சீண்டினாலே இரண்டும் வெளியே போக வேண்டியதுதான்.

2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறிய சம்பவத்துக்குப் பிறகு, பெரிய நாயோடு தெருவில் நடந்தாலே மக்கள் ஒதுங்குகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதே ஆண்டு மார்ச்சில் 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி ஒன்றிய அரசு அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்தது. தடை வந்தாலும் வராவிட்டாலும், பயிற்சியே இல்லாமல் மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிக் கிடக்கிற நாய்தான் ஆபத்து என்பது எங்கள் அனுபவம்.

அதனாலேயே இந்த நிகழ்ச்சியில் முதல் இடம் பி.ஹெச். என்ற அடிப்படைத் தேர்வுக்கு. 15 மாதம் நிரம்பிய எந்த இன நாயும் இதில் கலந்துகொள்ளலாம். கடி வேலை எதுவும் இதில் இல்லை. நாய் மனிதர்கள் நிற்கும் கூட்டத்துக்குள் நடந்து வர வேண்டும். சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு உரசினாற்போல் போவார், ஒருவர் ஓடிக் கடப்பார். அது பதறவும் கூடாது, பாயவும் கூடாது. பிறகு அதைக் கட்டிப்போட்டுவிட்டு உரிமையாளர் கண்ணுக்கு மறைந்து நிற்பார். அந்த நேரத்தில் வேறொரு நாயைப் பக்கத்தில் நடத்திக்கொண்டு போவார்கள். அப்போதும் அது அமைதியாக இருந்தாக வேண்டும். இதில் தேறாத நாய் பாதுகாப்புப் பிரிவுப் பக்கமே போக முடியாது. மாட்டுத்தாவணி, காளவாசல் நெரிசலில் பழகிய நம் ஊர் நாய்களுக்கு இந்தத் தேர்வு கைவரும் என்று நம்புகிறோம். இதில் தேறிய நாய்களில் 18 மாதம் நிரம்பியவை மட்டும் முதல் நிலை ஐ.ஜி.பி.யில் இறங்கும். அடுத்த நிலைகளை இந்த முறை வைக்கவில்லை.

நம் மண்ணின் நாய்களையும் அழைக்கிறோம். கோம்பை நாய் நம் பக்கத்துத் தேனி மாவட்டத்தது. காவலுக்குப் பேர் போனது, பாதுகாப்புப் பிரிவிலும் முயன்று பார்க்கலாம். சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் ஸ்லீவில் இறக்குவது சரியல்ல என்பது எங்கள் கருத்து. அவை ஓட்டத்துக்கும் வேட்டைக்கும் வளர்ந்தவை. கீழ்ப்படிதலில் அவற்றின் திறமையைக் காட்டட்டும்.

மோப்பப் பிரிவுக்கு அரசு நிலம் தேவையில்லை. மேலூர் பக்கம் அறுவடை முடிந்த வயல்களை உரிமையாளர்களின் சம்மதத்தோடு பயன்படுத்திக்கொள்வோம். பனி ஈரம் காயுமுன் விடியற்காலையிலேயே அது முடிந்துவிடும். மைதானம் தேவைப்படுவது மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் பி.ஹெச். தேர்வுக்கும். காலை 7 மணி முதல் 10 வரை, மாலை 4 முதல் 6.30 வரை மட்டும். நாய்க்கு மனிதனைப் போல வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மதுரை வெயிலில் நடுப்பகலில் அதை ஓடவிடுவது கொடுமை. முள் வைத்த கழுத்துப் பட்டை, மின்னதிர்ச்சிக் கழுத்துப் பட்டை எதுவும் களத்துக்குள் வராது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று இல்லாத நாய் வாசலைத் தாண்டாது. களத்துக்கு வெளியே எல்லா நாய்களும் கயிற்றிலும் வாய்ப்பூட்டிலும் இருக்கும்.

மைதான வாடகை, துப்புரவுச் செலவு, முதலுதவி வாகனம் எல்லாம் எங்கள் பொறுப்பு. அரசிடம் நிதி எதுவும் கேட்கவில்லை. தாங்கள் அன்புகூர்ந்து மாநகரக் காவல் துறையின் கருத்தைப் பெற்று ஆயுதப்படை மைதானத்தை வழங்க வேண்டுகிறோம். அங்கு இயலாதென்றால் கீழக்கரை ஏறுதழுவுதல் அரங்க வளாகத்தில் ஜல்லிக்கட்டு இல்லாத ஒரு வார இறுதியை ஒதுக்கினாலும் போதும். கால்நடை பராமரிப்புத் துறையிலிருந்து ஒரு மருத்துவரை இரண்டு நாளும் அனுப்பி வைத்தால், ஞாயிறு காலையில் அதே வாசலில் பொதுமக்களின் வளர்ப்பு நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாமும் நடத்திவிடலாம். அதற்கான ஆட்களையும் பந்தலையும் நாங்கள் தருகிறோம். காவல் துறையின் மோப்ப நாய்ப் பிரிவினர் வந்து பார்த்து எங்கள் குறைகளைச் சொன்னால் மிகவும் மகிழ்வோம்.

பங்கேற்கும் நாய்களின் தடுப்பூசிச் சான்று நகல்களும், உரிமையாளர்களின் உறுதிமொழிக் கடிதங்களும், மைதான அமைப்பு வரைபடமும் இத்துடன் இணைத்துள்ளோம். விளக்கம் தேவைப்பட்டால் அழைக்கும் நாளில் நேரில் வரத் தயாராக இருக்கிறோம். நாய்களுக்கு முன்கூட்டியே பயிற்சி நாட்களை வகுக்க வேண்டியிருப்பதால், டிசம்பர் இறுதிக்குள் ஆணை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மதுரை மாவட்ட நாய் வளர்ப்போர், பயிற்சியாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)