இந்த வருஷம் மூட்டைக்குள் மக்காச்சோளம் இல்லை, சோளம்

மூலனூர், வெள்ளகோவில், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் ஆட்டுப்பட்டி வைத்து நம் கடையில் தீவனம் எடுக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் இறங்கிய சைலேஜ் (பச்சைத் தீவனத்தை நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்த ஊறுகாய்ப்புல்) மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் போன் செய்தீர்கள். ஒரு அம்மா நேரிலேயே வந்துவிட்டார். "ஏனுங்க தம்பி, மஞ்ச மணியே காணோமே, வெறும் தட்டாட்டம் இருக்குதுங்களே, மூட்டைய மாத்திக் குடுத்துட்டீங்களா?" என்றார். மூட்டை மாறவில்லை, நாங்கள்தான் மாறிவிட்டோம். இந்த மாசியிலிருந்து நம் கடை ஊறுகாய்ப்புல் முழுக்கச் சோளத்தில் போட்டது. முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தப்பு. அதைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், குட்டிகளுக்குத் தீவனம் வைக்கிறவர் யாரோ அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஏன் மாற்றினோம்? மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் வேண்டும். அதிலும் பூ எடுத்து நூல் விடும் அந்த இரண்டு வாரம் காய்ந்துவிட்டால் கதிரில் மணி பிடிக்காது, அப்புறம் மழை பெய்து பிரயோஜனமில்லை. 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு வேறு அதைத்தான் முதலில் தேடிப் போகிறது. நம் பக்கம் மேற்கு மலையின் மழை மறைவு, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பித்தான் பிழைப்பு. அதனால் நாங்கள் விற்ற மக்காச்சோள மூட்டை எல்லாம் வாய்க்கால் பாசனம் உள்ள தூரத்து ஊர்களிலிருந்து வந்தவை. மூட்டையில் பாதிக்கு மேல் தண்ணீர், அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுத்தோம், அதை உங்களிடம் வாங்கினோம்.

சோளம் வேறு மாதிரிப் பயிர். வறட்சி வந்தால் இலையைச் சுருட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும், மழை விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து வளரும். தண்டின் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறதே, அது மெழுகு, ஈரம் போகாமல் பிடித்துவைக்கும். புரட்டாசியில் மானாவாரியாக விதைத்தால் மார்கழியில் கதிர் வந்துவிடும். இந்த முறை நம் ஊர்ப்பக்கமே ஒன்பது தோட்டத்துக்காரர்களிடம் பேசி, கதிர் பால் தாண்டி மாவுப் பதத்துக்கு வரும்போது அறுத்து, அங்கேயே நறுக்கி மூட்டை போட்டோம். மணி முற்றவிட்டு அறுத்தால் மாட்டுச் சாணியில் முழுசு முழுசாக வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் மணி இளசாக இருக்கும்போதே அறுப்பு. மஞ்சள் மணி கண்ணில் படாததற்கும் அதுதான் காரணம். சோள மணி சின்னது, இளசு, நறுக்கும்போது நசுங்கி இலையோடு ஒட்டிப்போகும்.

சரி, குறை என்ன என்பதையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். மக்காச்சோள சைலேஜில் மணி அதிகம், அதனால் சத்தும் கொஞ்சம் கூடுதல். சோளத்துக்கு மாறினால் அந்தக் குறையைக் கையளவு தானியத்தால்தான் ஈடுகட்ட வேண்டும். இதை மறைத்து விற்றால் வைகாசியில் குட்டியைத் தூக்கி எடை பார்க்கும்போது எங்களைத்தான் திட்டுவீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மக்காச்சோளமோ சோளமோ, சைலேஜ் மட்டும் தின்று எந்தக் குட்டியும் தேறாது. வளரும் குட்டியின் தீவனத்தில், ஈரம் நீக்கிக் கணக்குப் பார்த்தால், 100க்கு 14 பங்காவது புரதம் வேண்டும். சோள சைலேஜில் இருப்பது 7 பங்கு வாக்கில்தான். பாதி. மீதியை நீங்கள்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். போன கோடையில் "சைலேஜ் போட்டேன், வயிறு மட்டும் பெருத்துது, முதுகெலும்பு கையில தட்டுப்படுது" என்று சொன்னவர்கள் வீட்டில் நடந்தது இதுதான். தீவனம் கெட்டுப்போகவில்லை, துணைக்கு ஒன்றும் இல்லாமல் அதையே முழுச் சாப்பாடாக வைத்துவிட்டார்கள்.

ஒரு கணக்கு. மூன்று மாதம் முடிந்து தாயிடமிருந்து பிரித்த மேச்சேரி இனச் செம்மறிக் குட்டி, 12 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு நாளைக்கு ஈரம் போக அரை கிலோவை ஒட்டித் தின்னும். அதில் பாதியைச் சைலேஜில் கொடுக்கலாம். மூட்டையில் 100க்கு 70 பங்கு ஈரம், அதனால் கால் கிலோ உலர் சத்துக்கு 800 கிராம் சைலேஜ் போட வேண்டும். கூடவே அடர்தீவனம் 150 கிராம். மீதிக்குப் புரதம் உள்ள தழையாக வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா, தட்டைப்பயற்றுக் கொடி, எது கிடைக்கிறதோ அதை ஒரு கட்டு. சூபாபுல் இருந்தால் அதுவும் சரி, ஆனால் அதை மட்டுமே போடாதீர்கள், தொடர்ந்து தின்றால் மயிர் கொட்டும். கொரங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) வைத்திருப்பவர்களுக்கு வெள்வேலங்காய் உதிரும் காலத்தில் கொஞ்சம் செலவு மிச்சம்.

அடர்தீவனம் கடையில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. கம்பு அல்லது மக்காச்சோளக் குருணை, கடலைப் புண்ணாக்கு, தவிடு, 100 கிலோவுக்கு 2 கிலோ தாது உப்பு, 1 கிலோ கல்லுப்பு என்று வீட்டிலேயே கலக்கலாம். தவிடு மலிவு என்று அதையே அள்ளிப் போடாதீர்கள். கிடாய்க் குட்டிகளுக்கு மூத்திரத்தில் கல் அடைத்துக்கொள்ளும், பக்ரீத்துக்கு என்று வளர்க்கிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். தானியத்தை ஒரே நாளில் கூட்டுவதும் ஆபத்து. நேற்றுவரை துள்ளிக்கொண்டிருந்த குட்டி காலையில் விறைத்துக் கிடக்கும் துள்ளுமாரி நோய் பெரும்பாலும் நன்றாகத் தின்னும் கொழுத்த குட்டியைத்தான் பிடிக்கும். தடுப்பூசி போட்ட பிறகே தீவனத்தை ஏற்றுங்கள்.

சைலேஜுக்கும் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். பால் குடிக்கும் குட்டிக்கு வேண்டாம், அதன் பெரிய வயிறு இன்னும் வேலைக்கு வந்திருக்காது. இரண்டு மாதம் தாண்டியதும் தாயோடு சேர்ந்து வாயில் வைத்துப் பார்க்க விடலாம். பிரித்த குட்டிக்கு முதல் நாள் ஒரு கைப்பிடி, அதுவும் வழக்கமான சோளத்தட்டின் மேல் தூவி. பத்து நாளில் 800 கிராமுக்குக் கொண்டுவந்தால் போதும். முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கினால் பதற வேண்டாம். புளிப்பு வாசம் அதற்குப் புதிது. ஒரு தாயாட்டைப் பக்கத்தில் விட்டுத் தின்னவைத்தால் குட்டிகள் பின்னாலேயே வந்துவிடும்.

இனி மூட்டை அளவு. போன வருஷம் 50 கிலோ மூட்டைதான் விற்றோம். பத்துக் குட்டி வைத்திருக்கிறவர் ஒரு நாளைக்கு 8 கிலோ எடுத்தால் ஒரு மூட்டை ஆறு நாள் வரும். நம் ஊர் சித்திரை வெயிலில் திறந்த மூட்டை ஆறு நாள் தாங்காது. காற்றுப் பட்டதும் உள்ளே அடங்கிக் கிடந்த ஈஸ்டும் பூஞ்சையும் விழித்துக்கொள்ளும், மூன்றாம் நாள் கையை விட்டுப் பார்த்தால் உள்ளே சூடு தெரியும். சூடு தெரிந்தால் அது கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதனால் இந்த முறை 25 கிலோ மூட்டையும் போட்டிருக்கிறோம். 20 குட்டிக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள் பெரிய மூட்டை கேட்டால் நாங்களே தர மாட்டோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாறு குட்டி மட்டும் இருந்தால் சைலேஜே வேண்டாம். உலர்ந்த சோளத்தட்டும் மரத்தழையும் போதும், அதுதான் உங்களுக்குக் கட்டுபடி.

போன பங்குனியில் எங்கள் கொட்டகையில் எலி புகுந்து மூட்டைகளைக் கடித்துவைத்ததும், அது தெரியாமல் 11 மூட்டையை நாங்கள் அனுப்பியதும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஊசி நுழையும் ஓட்டை போதும், அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைப் பூஞ்சை கட்டிவிடும். அந்த 11 மூட்டைக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது மூட்டைகள் பலகை மேல் அடுக்கி, வலை அடித்த கொட்டகையில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் நிழலில், தரையில் படாமல் வையுங்கள். ஓட்டை கண்ணில் பட்டால் அன்றே பிளாஸ்டிக் டேப் ஒட்டுங்கள்.

நல்ல மூட்டையை எப்படித் தெரிந்துகொள்வது? மூக்கு போதும். புளித்த மோர், பழைய சோற்றுத் தண்ணீர், அந்த வாசம் வந்தால் நன்று. நிறம் பச்சையும் மஞ்சளும் கலந்த மங்கலாக இருக்கும். கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடித்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டி, கழுவியும் நாற்றம் போகவில்லை என்றால் கொட்டிவிடுங்கள். இன்னொன்று ஆளை ஏமாற்றும். வெல்லம் காய்ச்சும் வாசத்தோடு புகையிலை நிறத்தில் இருக்கும், ஆடுகள் ஆசையாகவும் தின்னும். மூட்டை கட்டும்போது காற்றை நன்றாக வெளியேற்றாமல் உள்ளே சூடேறிப்போனது அது. புரதம் கருகி ஒட்டிப்போயிருக்கும், வயிற்றில் செரிக்காமல் வெளியே போய்விடும். அப்படி ஒரு மூட்டை வந்தால் ஆடு தின்கிறதே என்று விடாமல் எங்களிடம் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பூஞ்சை பிடித்ததை ஓரத்தை மட்டும் தள்ளிவிட்டு மாட்டுக்குப் போடுகிறவர்கள் உண்டு. செம்மறிக்கு அது ஆகாது. மண் கலந்து சரியாகப் புளிக்காத சைலேஜில் லிஸ்டீரியா என்ற கிருமி வளரும். அது தாக்கிய ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டமாகவே சுற்றும், காது தொங்கும், வாயில் எச்சில் ஒழுகும். சினை ஆட்டுக்குக் கரு கலையும். இந்த அறிகுறி ஒன்று தெரிந்தாலும் சைலேஜை நிறுத்திவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்கள் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி. "சோளம் ஆட்டுக்கு நஞ்சாச்சே, அத எப்படிக் குட்டிக்குப் போடறது?" நியாயமான பயம். முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் இளம் சோளத்திலும், காய்ந்து வாடிய பயிர் மழைக்குப் பின் விடும் புதுத் துளிரிலும் சயனைடு நஞ்சு அதிகம். அதில் மேய்ந்த ஆடு கால் மணி நேரத்தில் வயிறு உப்பி, மூச்சு வாங்கி, விழுந்துவிடும். கதிர் விட்ட பயிரில் அது வெகுவாகக் குறைந்திருக்கும். நறுக்கும்போதும் புளிக்கும்போதும் மேலும் ஆவியாகிப் போகும். நாங்கள் கதிர் வராத பயிரை வாங்கவில்லை. கட்டி 45 நாள் ஆகாத மூட்டையை வெளியே விடுவதும் இல்லை, கட்டிய தேதி மூட்டை மேலேயே எழுதியிருக்கும். ஆனால் உங்கள் காட்டில் அறுத்த சோளக் கட்டையில் துளிர் வந்தால் பட்டியை அந்தப் பக்கம் விடாதீர்கள். பாட்டன் காலத்துப் பேச்சு அது, இன்றைக்கும் சரிதான்.

தண்ணீர் பற்றியும் இரண்டு பேர் கவலைப்பட்டார்கள், சைலேஜ் தின்ற குட்டி தொட்டிப் பக்கமே போவதில்லை என்று. 800 கிராம் சைலேஜில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. தாகம் குறைவது இயல்பு, தொட்டியை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள். வடகிழக்கு பிரேசிலும் நம்மைப் போலக் காய்ந்த பூமி. அங்கே முள்ளில்லாக் கள்ளியையே வயல் வயலாக நட்டு ஆட்டுக்கும் மாட்டுக்கும் நறுக்கிப் போடுகிறார்கள். மடலில் 100க்கு 90 பங்கு தண்ணீர். நார் உள்ள மற்ற தீவனத்தோடு சேர்த்து அதைப் புளிக்கவைத்துச் சைலேஜாகவும் கொடுக்கிறார்கள். அதைத் தின்னும் குட்டிகள் தனியாகக் குடிக்கும் தண்ணீர் மிகக் குறைவு. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அதன் முள் வாயையும் குடலையும் கிழித்துவிடும்.

தோட்டம் இருப்பவர்கள் மூட்டை வாங்காமல் நீங்களே போட்டுக்கொள்ளலாம். வியாபாரம் போய்விடுமே என்று கடைத் தம்பி முணுமுணுக்கிறான், இருக்கட்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்களே, அந்தக் கோடையில் கைவசம் தீவனம் இருந்தவர் மட்டும்தான் பட்டியை விற்காமல் தப்பினார். கன்னிவாடிச் சந்தையில் தாயாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தவர்கள் நம் கடையில் உட்கார்ந்து அழுததை மறக்கவில்லை.

மூடி இறுக்கமாக உள்ள 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் மிதித்து அடைத்தால் 100 கிலோ வாக்கில் பிடிக்கும். செம்மறிக்கு அரை அங்குலத்துக்கு நறுக்குங்கள், நீளமாக இருந்தால் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை மிதிக்கும். நறுக்கியதைக் கைப்பிடிக்குள் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டை மெதுவாகப் பிரிய வேண்டும். தண்ணீர் சொட்டினால் அரை நாள் வாடவிடுங்கள், உடனே உதிர்ந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சோளத் தண்டிலேயே சர்க்கரை உண்டு, வேறு எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. கொழுக்கட்டைப் புல்லாக இருந்தால் 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லத்தைக் கரைத்துத் தெளிக்க வேண்டும், அதில் சர்க்கரை போதாது. சோளத்தோடு நாலில் ஒரு பங்கு வேலிமசால் கலந்து போட்டால் புரதக் குறையும் கொஞ்சம் தீரும். அரையடிக்கு ஒரு தரம் ஏறி மிதியுங்கள். மிதிக்கிற வேலையில்தான் எல்லோரும் சோம்பல் படுகிறார்கள், கெட்டுப்போவதும் அங்கேதான். மண் காலோடு ஏறாதீர்கள்.

நறுக்கும் இயந்திரம் நம்மிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. மின்மோட்டாரோடு நாள் வாடகைக்குத் தருகிறோம், திங்கட்கிழமை தவிர எந்த நாளும் எடுத்துப்போகலாம். மூட்டை வாங்குபவர்கள் பிரித்த அன்றைக்கே முகர்ந்து பாருங்கள். சரியில்லை என்றால் மறுநாளுக்குள் கொண்டுவந்தால் வேறு மூட்டை. பாதி தீர்ந்த பிறகு கொண்டுவந்தால் பேசித்தான் பார்க்க வேண்டும். பழைய மக்காச்சோள மூட்டை இன்னும் 40 இருக்கிறது, அதுதான் வேண்டும் என்பவர்கள் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தீவனக் கடைக்காரர்