கழற்றிப் பூட்டாமல் ‘ஓவராயில்’ இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இலவச சைக்கிள் வழங்கும் படங்கள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகின்றன. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் இது. பின்னர் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் எல்லோருக்குமாக விரிந்தது. ஒரு மழைக்காலம் போனதும் அந்தச் சைக்கிள்களைப் பாருங்கள். பெடலை மிதித்தால் கரகரவென்று சத்தம், பெடலைத் தாங்கும் கிராங்க் ஆட்டம், ஓயாமல் கழன்றுவிழும் செயின். இவற்றில் பாதிக்கு மேல் கிரீஸ் வற்றியதால் வரும் கோளாறு.

ஓவர்ஹால் என்ற சொல் நம் வாயில் ‘ஓவராயில்’ ஆகிவிட்டது. அதனாலேயே பலர் அதை எண்ணெய் ஊற்றும் வேலை என்று எண்ணுகிறார்கள். சக்கரத்தின் மையமான ஹப்பின் நடுவிலுள்ள துளையில் பழைய இஞ்சின் ஆயிலை விடுவது ஊர் வழக்கம். அந்த எண்ணெய் உள்ளேயிருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். தன்னோடு வந்த இரும்புத் தூளை பேரிங் குண்டுகளுக்கு நடுவே விட்டுவைக்கும். ஒரு வாரம் சத்தம் இருக்காது. பிறகு குண்டுகள் உருளும் கோன் தேயும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடுவதும் கெடுதல்தான். சில நாளில் பிசினாகித் தூசியைப் பிடித்துவைக்கும். சர்வீஸ் ஸ்டேஷனில் வேகத் தண்ணீர் அடித்துக் கழுவினால் ஹப்புக்குள் தண்ணீரே போய்விடும்.

உண்மையான ஓவர்ஹால் என்பது எல்லா பேரிங்கையும் திறந்து, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, துடைத்து, புது கிரீஸில் புதுக் குண்டு வைத்துப் பூட்டுவது. நம் ஊர் சாதா சைக்கிளில் பெரும்பாலும் முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலக் குண்டுகள், பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டுகள், இரு கிராங்கையும் இணைக்கும் பெடல் அச்சில் பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டுகள் இருக்கும். கழற்றும்போது எண்ணிக்கொள்ள வேண்டும். ஆனால் முன்பு பூட்டியவர் ஒன்றிரண்டு குறைத்திருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். வட்டம் நிறைந்தபின் ஒரு குண்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி மிஞ்சினால் கணக்குச் சரி. பழைய குண்டுகளோடு ஒன்றிரண்டு புதியதைக் கலக்கவே கூடாது. தேயாத புதுக் குண்டு சற்றுப் பெரிது. முழு எடையும் அதன்மேலேயே விழுந்து கோனில் குழி பறிக்கும். கோன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பால்பாயிண்ட் பேனா முனையைக் குண்டு ஓடும் தடத்தில் மெல்ல ஓட்டினால் போதும். கண்ணுக்குத் தெரியாத குழியும் கையில் தட்டும். அந்தக் கோனைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், கிரீஸ் அதைக் காப்பாற்றாது.

அதிகம் சேதமாவது, கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின். நட்டை முழுவதும் கழற்றிவிட்டு மரைமேல் சுத்தியலால் அடித்தால் முனை நசுங்கும், பிறகு பின் வரவே வராது. நட்டு, பின்னின் முனையோடு சமமாக நிற்கும் அளவுக்குத் தளர்த்தி, கிராங்கின் அடியில் பின் இறங்க வழிவிட்டு ஓர் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, ஒரே அடியாக அடிக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடிக்கும் ஒவ்வொரு அடியும் கீழேயுள்ள குண்டுகளில் போய் விழுகிறது. பெடல் அச்சின் குண்டுகள் உட்காரும் கப்புகளில் செயின் பக்கத்துக் கப்பைக் கழற்றத் தேவையில்லை. இருக்கும் இடத்திலேயே துணிவிட்டுத் துடைக்கலாம். கழற்றியே தீர வேண்டுமென்றால் அதன் மரை, வலப்பக்கம் சுற்றினால் கழலும் இடது மரை என்பதை மறக்கக் கூடாது. இடது பெடலும் அப்படித்தான். பூட்டும்போது அச்சின் நீளமான முனை செயின் பக்கம் வர வேண்டும். இரண்டு காட்டர் பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் இரு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. பின்னை அடித்து இறக்கியபின்தான் நட்டை இறுக்க வேண்டும். நட்டாலேயே இழுக்கப் பார்த்தால் மரை வழுக்கிவிடும்.

முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை இறக்குமுன் கீழே ஒரு துணியை விரிப்பது நல்லது, பொடிக் குண்டுகள் சிதறும். ஹேண்டிலைத் திருப்பும்போது நேர்நிலையில் ‘டக்’கென்று உட்கார்ந்தால் கீழ்க் கப்பில் குழி விழுந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

கோன் இறுக்கத்துக்கு ஒரு சோதனை: சக்கரத்தைத் தூக்கி, காற்றடிக்கும் மவுத்தைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுத்தால், அதன் எடைக்கே சக்கரம் தானாகத் திரும்பி மவுத் கீழே வர வேண்டும், ரிம்மைப் பிடித்து அசைத்தால் ஆட்டமும் இருக்கக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே சுற்றிக்கொள்ளும். ஆகவே மெல்லிய கோன் ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். இந்த ஸ்பேனர் இல்லாமல் ஹப்பில் கைவைக்க வேண்டாம்.

சக்கரத்தின் கோட்டம் எடுக்க சைக்கிளைக் கவிழ்த்து, ஃபோர்க்கில் ஓர் ஈர்க்குச்சியைக் கட்டி அளவாக வைத்துக்கொள்ளலாம். ரிம் வலப்பக்கம் ஒதுங்கும் இடத்தில் இடப்பக்கக் கம்பிகளின் ரிம் முனையிலுள்ள நிப்பிளைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தை அதே அளவு தளர்த்த வேண்டும். இறுக்கிக்கொண்டே போனால் ரிம் அந்த இடத்தில் ஹப்பை நோக்கி உள்வாங்கும். கம்பி பிரேக் சைக்கிளில் கட்டை ரிம்மின் உட்புறத்தைப் பிடிப்பதால் மேல்கீழ்க் கோட்டம் இருந்தால் பிரேக் விட்டுவிட்டுப் பிடிக்கும். நிப்பிளுக்கு மேலே நீட்டும் கம்பி முனையை அரத்தால் ராவிவிட வேண்டும். காரணம் தெரியாத பஞ்சர்களில் பல அங்கிருந்துதான் வருகின்றன.

செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 12⅛ தாண்டினால் புதுச் செயின். செயினை இணைக்கும் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். பின் சக்கரத்துப் பற்சக்கரமான ஃபிரீவீலுக்கு மெல்லிய எண்ணெய் மட்டுமே, கிரீஸ் போட்டால் உள்நாக்கு ஒட்டிக்கொண்டு பெடல் வழுக்கும்.

இதற்கெல்லாம் ஒரு சைக்கிளுக்கு 50 கிராம் கிரீஸ் போதும். ஆனால் ஒரு நாள் தேவை. அந்த ஒரு நாளைத்தான் பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்கிறோம். மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உள்ளூர் மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து, பள்ளி மைதானத்தில் மாணவர்களே அவரவர் சைக்கிளைக் கழற்றிப் பூட்டட்டும். மாணவிகளை ஓரமாக நிற்கவைக்க வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்களின் பேத்தி வயதுப் பிள்ளைகள் கையில் ஸ்பேனர் இருப்பது இயல்புதான்.

அடுத்த சனிக்கிழமையும் அந்த மெக்கானிக் அரை மணி நேரம் வர வேண்டும். 20, 30 கிலோமீட்டர் ஓடியதும் காட்டர் பின் உட்கார்ந்து, நட்டு தளரும். அப்போது ஒருமுறை அடித்து இறுக்காமல் விட்டால் பின் தேய்ந்து, ஒரு மாதத்துக்குள் கிராங்க் மறுபடி ஆடும்.

இப்படிக்கு,
சைக்கிள் மெக்கானிக்குகள் சிலர்,
புதுக்கோட்டை.